பழைய காரில் கரண்ட் போனால் எதை எடுப்பது: டெஸ்ட் லாம்பா, மல்டிமீட்டரா?

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. ஸ்டார்ட் கொடுத்தேன். ஒரே ஒரு 'டொக்'. அதோடு மொத்தமும் அணைந்துவிட்டது. ஹாரன் இல்லை, உள்விளக்குகூட இல்லை. பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் விளக்குகள் பழையபடி எரிகின்றன. இருபது வயதைத் தாண்டிய கார் வைத்திருப்பவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. சந்தேகப்பட்ட பாகத்தை மாற்றிப் பார்க்கலாம், டெஸ்ட் லாம்ப் (கரண்ட் வந்தால் எரிகிற சிறு பல்பு) வைத்துத் தேடலாம், மல்டிமீட்டரில் (வோல்ட், ஓம், ஆம்பியர் காட்டும் கருவி) அளக்கலாம். நான் இதே வரிசையில் மூன்றையும் செய்தவன். இப்போது கை முதலில் போவது மீட்டருக்குத்தான்.

பாகம் மாற்றுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பேட்டரியை மாற்றினேன், வண்டி இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் மறுபடி அதே 'டொக்'. டெர்மினலைக் கழற்றி மாட்டும்போது கேபிள் அசைந்து கொடுத்ததால் தொடர்பு தற்காலிகமாகச் சரியாகியிருந்தது, அவ்வளவுதான். மாற்றியதும் சரியானது போலத் தோன்றுவது இந்த வழியின் பெரிய ஆபத்து.

டெஸ்ட் லாம்பை எனக்கு இன்னமும் பிடிக்கும். ஒரு முனையை எர்த்தில், அதாவது வண்டியின் உலோக உடம்பில், கவ்வவிட்டு, கூர்முனையால் ஃப்யூஸ் ஃப்யூஸாகத் தொட்டுக்கொண்டே போனால் எங்கே கரண்ட் நிற்கிறது என்று இரண்டே நிமிடத்தில் தெரியும். ஃப்யூஸ் அடிக்கடி போகிற வண்டியில் அதை மிஞ்ச எதுவுமில்லை. போன ஃப்யூஸின் இடத்தில் லாம்பை மாட்டி, அந்த லைனில் உள்ள பல்பு, மோட்டார் எல்லாவற்றின் கனெக்டரையும் கழற்றிவிட்டு, வயர்க் கட்டை ஓரோர் இடமாக அசைத்துக்கொண்டே வரவேண்டும். ஷார்ட் இருக்கும்வரை லாம்ப் எரியும். எந்த இடத்தை அசைக்கும்போது அணைகிறதோ அங்கேதான் வயர் உடம்பில் உரசுகிறது. மீட்டரின் எண்ணைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது.

சரி, அப்புறம் ஏன் மீட்டர்? இங்கேதான் லோடு, அதாவது ஒரு பாகம் ஓடும்போது இழுக்கிற கரண்ட், என்கிற விஷயம் வருகிறது.

என் மீட்டரும் முதலில் என்னை ஏமாற்றியது. பேட்டரியில் 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ். பேட்டரி நெகட்டிவிலிருந்து உடம்புக்குப் போகும் எர்த் கேபிளைக் கழற்றி, இரு முனைகளிலும் மீட்டரை ஓமில் (மின்தடை) வைத்துப் பார்த்தேன்: 0.5. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டும். மீதி 0.2 தானே, கேபிள் நன்றாக இருக்கிறது என்று திரும்ப மாட்டிவிட்டேன். அந்த 0.2-இல்தான் மொத்தக் கோளாறும் இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓம் அளக்கும்போது மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட்; கேபிளின் நூறு இழையில் நாலு இழை மிஞ்சியிருந்தாலும் அது கடந்துவிடும். 21 வாட் பல்பு போட்ட டெஸ்ட் லாம்ப் கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். 0.2 ஓமில் அதற்கு 0.35 வோல்ட்தான் குறையும், பல்பு பிரகாசமாகவே எரியும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுத்தால் 1.8 வோல்ட் போய்விடும். எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்கோ நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அவ்வளவு கரண்ட் அந்த வழியில் போகவே முடியாது. அதனால்தான் டேஷ்போர்டு எரிந்தது, ஸ்டார்ட் கொடுத்ததும் எல்லாம் செத்தது.

ஆக, எந்தப் பாகம் வேலை செய்யவில்லையோ அதையே ஓடவிட்டு அளக்க வேண்டும். வண்டியை நியூட்ரலில் போட்டு, எஞ்சின் பிடித்துவிடாமல் இக்னிஷனைத் துண்டித்துக்கொள்ளுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் போஸ்ட் மேலேயே அழுத்துங்கள். போஸ்டைப் பிடிக்கும் கேபிள் கவ்வியான கிளாம்ப் மேல் வைத்தால் கிளாம்புக்கும் போஸ்டுக்கும் நடுவே உள்ள கோளாறு தப்பிவிடும். மறுமுனை எஞ்சின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். நல்ல எர்த் என்றால் 0.2 வோல்ட்டுக்குள் நிற்கும். எனக்கு 9-ஐத் தாண்டியது. அதே நேரத்தில் பேட்டரியின் இரு போஸ்டுகளுக்கு நடுவே 12 வோல்ட்டுக்குமேல் அசையாமல் நின்றது. பேட்டரி கெட்டிருந்தால் அதுதான் முதலில் சரிந்திருக்கும்.

அப்புறம் ஒரு முனையை அங்கேயே வைத்துக்கொண்டு, மறுமுனையைப் படிப்படியாக நகர்த்தினேன்: கிளாம்ப், கேபிள், லக் (கேபிளின் மறுமுனையில் உள்ள உலோக வளையம்), உடம்பில் முடுக்கிய போல்ட். கேபிளில் ஒன்றுமில்லாமல் இருந்த எண் லக்கில் எகிறியது. ரப்பர் உறையைக் கத்தியால் கீறினால் உள்ளே செம்பு இழைகள் பச்சைக் களிம்பு பூத்து, விரலால் தேய்த்ததும் பொடியாக உதிர்ந்தன. வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருந்த கேபிள் அது.

மீட்டர் கையில் இல்லையென்றால் ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சினுக்குப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். பிடித்துக்கொண்டால் கோளாறு எர்த் பக்கம். எந்த இடம் என்று மட்டும் அது சொல்லாது.

மீட்டர் எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியின் இரு போஸ்டுகளைத் தொட்டால் அது நேரடி ஷார்ட். கேபிளைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அதுவே கடைசியில்.

என் அனுபவமெல்லாம் கணினி அதிகம் இல்லாத பழைய கார்களோடு நின்றுவிடுகிறது. எஞ்சின் கணினி, ஏர்பேக் லைன்களில் பல்பு போட்ட லாம்பைத் தொடவிடவே கூடாது, அது இழுக்கிற கரண்டே சேதம் செய்துவிடும். அந்த வண்டிகளில் மறைந்து மறைந்து வரும் கோளாறுக்கு என் முறை எவ்வளவு தூரம் போகும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

புதுக் கேபிள் போட்டு, போல்ட் உட்காரும் இடத்தைத் தகரம் மினுங்கும்வரை எமரித்தாளால் தேய்த்து, மேலே வாஸலின் தடவினேன். மறுபடி அதே இடத்தில் முனையை வைத்து ஸ்டார்ட் கொடுக்கச் சொன்னேன். 0.08.