மாவு விற்க ஸ்டேட்டஸா, காசு கட்டிய விளம்பரமா?

வீட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறேன். வாங்குவோர் எல்லாம் நாலு தெருவுக்குள்தான்.

ஒருமுறை 500 ரூபாய்க்கு ஆன்லைன் விளம்பரம் கொடுத்தேன், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. லைக் குவிந்தது. மடிப்பாக்கத்தில் இருக்கும் எனக்கு அம்பத்தூரிலிருந்து போன்: "டெலிவரி உண்டாங்க?" ஒரு கிலோ மாவை அவ்வளவு தூரம் அனுப்பினால் ஆட்டோக்காரருக்குத்தான் லாபம். விளம்பரம் போய்ச் சேரும் தூரத்தைக் குறுக்கியிருக்கலாம், அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குச் செலவில்லை. 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பார்கள். மறையட்டுமே, மாவும்தான் மறுநாள் புளித்துவிடுகிறது! சிக்கல் வேறு இடத்தில்: வாங்குபவர் நம்பர் என்னிடமும் என் நம்பர் அவரிடமும் சேவ் ஆகியிருந்தால்தான் ஸ்டேட்டஸ் தெரியும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டிலும் என் நம்பரை சேவ் செய்தவருக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் மார்க்கரால் எழுதுகிறேன்: "நம்பரை சேவ் பண்ணிட்டு ஒரு ஹாய் அனுப்புங்க." அபார்ட்மென்ட் குரூப்பில் போடலாம், அட்மின் மனசு வைத்தால்.

மாவுக்கு என் ஓட்டு ஸ்டேட்டஸுக்கே. கூரியரில் போகும் முறுக்கு, பொடி வகை என்றால் காசு கட்டிப் பார்க்கலாம்.