இரண்டு வருடம் சுருக்கி வைத்த டிஸ்க்கை விரித்த கதை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்தில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே கோயில்களுக்குப் பாட்டுப் புத்தகம் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. மேலே தமிழ் வரி, கீழே அதே வரி ரோமன் எழுத்தில். பாடுகிறவர்களில் பாதிக்கு மேல் கீழ்வரியைத்தான் பார்த்துப் பாடுவார்கள். பழைய புத்தகங்களை யாராவது கொண்டுவந்து தருவார்கள், அட்டை போய், ஓரம் உதிர்ந்து. அதையெல்லாம் டிஃப் ஃபைலாக ஸ்கேன் செய்து வைப்பேன். ஏ4 பக்கம் ஒன்று, 300 டிபிஐ, வண்ணத்தில் எடுத்தால் 26 எம்பி. அப்படி எடுத்தால் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் எத்தனை நாள் தாங்கும்?

2021 கடைசியில் சி, டி இரண்டு டிரைவும் நிறைந்து, அவற்றின் பட்டைகள் சிவப்பாகிவிட்டன. டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் போனால், இடம் மிச்சம் பிடிக்க டிரைவைக் கம்ப்ரஸ் செய்யவா, அதாவது சுருக்கவா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். காசு செலவில்லை, பிறகென்ன? சி, டி இரண்டிலும் டிக் போட்டேன். ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் டி டிரைவில் 70 ஜிபி, சி டிரைவில் 11 ஜிபி கூடுதலாகக் கிடைத்திருந்தன. புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

மெதுவானது ஒரே நாளில் இல்லை. அதனால்தான் சந்தேகம் வரவில்லை. முதலில் ஆன்டிவைரஸைத் திட்டினேன். அப்புறம் 4 ஜிபி ராமை 8 ஆக்கினேன். 2023 ஜூலையில், ஆடிக் கூழ் வார்க்கும் விழாவுக்கான மாரியம்மன் பாட்டுப் புத்தகம் அவசர வேலையாக வந்தது, 48 பக்கம். பக்கம் அமைக்கும் இன்டிசைனில் ஒரு எழுத்தைத் திருத்திவிட்டு கண்ட்ரோல் எஸ் அடித்தால் நீல வளையம் சுற்றும். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தால் பதினொன்றில்தான் நிற்கும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: “அம்மா, எல்லா ஐகான் மூலையிலும் ரெண்டு நீல அம்பு முட்டிக்கிட்டு நிக்குதே, அது என்ன?” அதுதான் கம்ப்ரஸ் ஆன ஃபைலுக்கான அடையாளம். இரண்டு வருடமாகக் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது.

டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் விண்டோஸின் முறையான என்டிஎஃப்எஸ் ஒரு ஃபைலை மொத்தமாகச் சுருக்குவதில்லை. வழக்கமான அமைப்பில் 64 கேபி துண்டு துண்டாகச் சுருக்கும். துண்டின் நடுவில் ஒரு எழுத்து மாறினாலும் அந்தத் துண்டை விரித்து, மாற்றி, மறுபடி சுருக்கி எழுத வேண்டும். அளவு மாறிவிட்டால் பழைய இடத்தில் அடங்காது, வேறிடம் போகும். சுழலும் டிஸ்க்கில் இப்படி ஒரே ஃபைல் நாலா பக்கமும் சிதறினால் அதைப் படிக்கும் ஹெட் அலைந்துகொண்டே இருக்கும். அடிக்கடி எழுதப்படும் ஃபைல்கள்தான் அதிகம் அடிவாங்கும். எனக்கு அது இன்டிசைன் ஃபைலும், 6 ஜிபிக்கு வளர்ந்திருந்த அவுட்லுக் அஞ்சல் ஃபைலும்.

சரி, விரித்துவிடலாம் என்றால் விரிக்க இடம் வேண்டுமே. ஸ்கேன் ஃபோல்டரின் ப்ராபர்ட்டீஸில் சைஸ் 140 ஜிபி, சைஸ் ஆன் டிஸ்க், அதாவது சுருங்கியபின் பிடிக்கும் இடம், 79 ஜிபி. டி டிரைவில் காலி இருந்ததோ 38 ஜிபிதான். காவடிப் படங்கள் ஃபோல்டரில் இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றே. ஜேபெக்கும் வீடியோவும் ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றை இன்னும் பிழிந்தால் ஒன்றும் வராது. ஆக, கிடைத்த 70 ஜிபியில் பெரும்பங்கு ஸ்கேன்கள் கொடுத்தது. அவற்றை நான் திருத்துவதே இல்லை, எடுத்துப் பார்ப்பதோடு சரி. அவை சுருங்கியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மற்றதை விரிப்பதற்கு லோட் ஷெட்டிங், அதாவது நேரம் அறிவித்துக் கரண்டை வெட்டுவது, விடவில்லை. இங்கே ஜூலை குளிர்காலம், இரண்டு மணி நேர வெட்டு, சில நாள் இரண்டு மூன்று தடவை. என்னுடையது டெஸ்க்டாப், பேட்டரி கிடையாது. முழு டிரைவுக்கும் டிக்கை எடுத்துவிட்டுப் படுப்பது அப்போது இங்கே நடக்காத காரியம். நிர்வாகியாகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, காம்பாக்ட் கட்டளையை ஃபோல்டர் ஃபோல்டராகக் கொடுத்தேன். ஸ்லாஷ் யு என்றால் விரி, ஸ்லாஷ் எஸ் என்றால் உள்ளே இருப்பதையும் சேர், ஸ்லாஷ் ஐ என்றால் பிழை வந்தாலும் நிற்காதே. கரண்ட் வந்ததும் ஒரு ஃபோல்டர், போவதற்குக் கால் மணி முன்பு நிறுத்தம். நான்கு நாள் ஆனது. சி டிரைவில் பயன்பாட்டில் இருக்கும் சில சிஸ்டம் ஃபைல்களைத் தொட முடியாது என்றது, விட்டுவிட்டேன். கடைசியில், சிதறிய துண்டுகளைச் சேர்த்து வைக்கும் டிஃப்ராக்கை ஒரு ராத்திரி ஓடவிட்டேன். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு அது வேண்டாம்.

பதினொன்று வரை போன எண்ணிக்கை மூன்றில் நின்றது. கணினி எழுந்திருக்க மூன்றரை நிமிடம் ஆனது இரண்டாகக் குறைந்தது. மாயம் ஒன்றும் இல்லை. 2024இல் சி டிரைவை எஸ்எஸ்டிக்கு மாற்றியபோது கிடைத்த வேகத்தோடு பார்த்தால் இது கொசுறு. ராமுக்குப் போட்ட காசை அன்றைக்கே அதில் போட்டிருக்கலாம்.

போன வருடம் புரட்டாசிப் பெருமாள் பாட்டுக்கு வேலை செய்தபோது, வேலை ஃபோல்டரில் மறுபடி அந்த நீல அம்புகள். பயந்துவிட்டேன். ஸ்கேன் ஃபோல்டரிலிருந்து சில ஃபைல்களைக் கட் செய்து ஒட்டியிருந்தேன். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் ஃபைல் தன் சுருக்கத்தோடேயே வரும். காப்பி எடுத்தால்தான் போகிற ஃபோல்டரின் குணம் அதற்கு ஒட்டும். இப்போதெல்லாம் அங்கிருந்து எதை எடுத்தாலும் காப்பிதான்.