‘ச’ இல்லாத ஸ்ப்ளிட் கீபோர்டு: முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள்

நான் மொழிபெயர்ப்பாளர். வேலை அதிகம் உள்ள நாட்களில் ஏழெட்டு மணி நேரம் தட்டச்சு செய்வேன். தமிழுக்குத் தமிழ்99 என்ற விசைப்பலகை முறை. 2024 தொடக்கத்தில் வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக வலி ஆரம்பித்தது. ஏப்ரலில் ஈரத்துணியைப் பிழிய முடியாத அளவுக்கு வந்துவிட்டது. பிசியோதெரபிஸ்ட் என்னை மேசையில் உட்காரவைத்து, தட்டச்சு செய்யச் சொல்லிப் பார்த்தார். “கீபோர்டு சின்னது, உங்க தோள் அகலம். ரெண்டு கையும் உள்ளே வருது, அதனால மணிக்கட்டு வெளிப்பக்கம் மடங்குது. நாள் முழுக்க அப்படியே வெச்சிருந்தா வலிக்கத்தான் செய்யும்” என்றார். சில பயிற்சிகள் கொடுத்தார். அப்புறம், இரண்டாகப் பிரிந்த கீபோர்டு ஒன்றை முயன்று பார்க்கலாம் என்றார்.

அவர் சொன்னது சரியான யோசனை. இந்தப் பதிவு ஸ்ப்ளிட் கீபோர்டுக்கு எதிரானது இல்லை. இதைக்கூட அப்படி ஒன்றில்தான் எழுதுகிறேன். நான் சொல்ல வந்தது, முதலில் வாங்கியதில் 16,800 ரூபாயும் ஐந்து மாதமும் எப்படிப் போயின என்பதை. வலியோடு தேடுகிறவர்கள் அவசரப்படுவார்கள், அந்த அவசரம் விற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வகைக் கீபோர்டு நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. வெளிநாட்டுத் தயாரிப்புகளின் விலை எனக்கு எட்டாது. கோர்னே, லில்லி 58, சோஃப்லே போன்றவை திறந்த வடிவமைப்புகள். வரைபடம் எல்லோருக்கும் கிடைக்கும், யார் வேண்டுமானாலும் பிசிபி என்ற சுற்றுப் பலகையை அச்சடித்து, பாகங்களை ஈயம் வைத்துச் சால்டர் செய்து விற்கலாம். அப்படிச் செய்கிறவர்களில் அருமையான கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். எனக்கு அகப்பட்டவர் அப்படிப்பட்டவர் இல்லை. வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு இன்ஸ்டாகிராமில் விற்பவர். படங்கள் அவ்வளவு அழகு. போனில் பேசினேன். தமிழில் வேலை செய்கிறேன், 58 விசைகள் கொண்ட லில்லி 58 வேண்டும், விசைகளுக்கு அடியில் இருக்கும் சுவிட்சுகளை நானே மாற்றிக்கொள்ளும்படி ஹாட்ஸ்வாப் சாக்கெட் வேண்டும் என்று சொன்னேன். “எல்லாம் ஸ்டாக்கில் இருக்கிறது மேடம், மூன்று வாரம், ஒரு வருட வாரண்டி” என்றார். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டார். ஜூன் 2024இல் அவருடைய தனிப்பட்ட எண்ணுக்கு யுபிஐ-யில் அனுப்பினேன். பில் பார்சலோடு வரும் என்றார். வரவேயில்லை.

மூன்று வாரம் ஐந்து மாதம் ஆனது. முதலில் பிசிபி கஸ்டம்ஸில் நிற்கிறது, பிறகு சுவிட்சு வரவில்லை, பிறகு வீட்டில் கல்யாணம். நவம்பரில் பெட்டி வந்தது. திறந்தால் உள்ளே 42 விசைகள் கொண்ட கோர்னே.

போன் செய்தேன். “58 வரல மேடம். இது அதைவிட அட்வான்ஸ்டு. இப்ப எல்லாரும் 42-க்குத்தான் மாறிட்டிருக்காங்க. ஒரு மாசத்துல பழகிடும்” என்றார். விலை வித்தியாசத்தைக் கேட்டேன். வேலை ஒன்றுதான், விலையும் ஒன்றுதான் என்று முடித்துவிட்டார்.

42 விசை என்பதே ஏமாற்று இல்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு விசை, கட்டைவிரலுக்கு மூன்று. எண்களும் குறிகளும் வேறு லேயரில் இருக்கும். கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் அந்த லேயர் வரும். ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவர்கள் இதில் சந்தோஷமாக வேலை செய்கிறார்கள். விரல் அதிகம் நகர வேண்டியதில்லை.

தமிழ்99-இல் எழுதுகிறவர்களுக்குக் கதை வேறு. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். வ, ங இரண்டும்தான் இடப்பக்கம் தாண்டி வந்திருக்கும். ஒரு கை மெய், மறு கை உயிர் என்று மாறி மாறிப் போவதால், இரண்டாகப் பிரிந்த கீபோர்டுக்காகவே செய்தது போலப் பொருந்தும். ஆனால் வலக்கைக்கு எழுத்துகள் அதிகம். ஆங்கிலத்தில் ‘P’ இருக்கும் விசை நமக்கு ண. அதற்கு வலப்பக்கம், சதுர அடைப்புக்குறிகள் இரண்டும் இருக்கும் இடத்தில், ச-வும் ஞ-வும். கோர்னேயில் அந்த இரண்டு விசைகளும் கிடையாது. வழக்கமான அமைப்பில் ண-வுக்குப் பக்கத்தில் பேக்ஸ்பேஸ்தான் இருக்கும்.

அதாவது ச எழுத நினைத்துப் பழக்கத்தில் கையை வைத்தால், எழுதிய எழுத்து அழிந்துபோகும். நான் மொழிபெயர்ப்பது பெரும்பாலும் அரசு ஆவணங்கள். சட்டம், செயலாளர், சான்றிதழ், அரசாணை. ஒவ்வொரு ச-வுக்கும் கட்டைவிரலால் லேயர் விசையைப் பிடித்துக்கொண்டு குறி வரிசையில் தேட வேண்டும். ‘மஞ்சள்’ என்று எழுத இரண்டு முறை. முதல் வாரம் ஒரு பக்கம் முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஒருநாள் இரவு உட்கார்ந்து அழுதேன், வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. கை வலியோடு, கெடு நெருங்கும் நேரத்தில், சொந்த மொழியின் ஓர் எழுத்து கைக்கு எட்டாமல் போனால் என்ன ஆகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இதைச் சரிசெய்யச் சில நிமிடம் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்கு இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ச-வின் விசையை வைத்தால் முக்கால் பிரச்சினை தீர்ந்துவிடும். அதற்கு ஃபர்ம்வேரில், அதாவது கீபோர்டுக்குள் இருக்கும் மென்பொருளில், வியா என்ற வசதி சேர்த்திருக்க வேண்டும். சேர்த்திருந்தால் உலாவியிலேயே விசைகளை இடம் மாற்றலாம். இவர் சேர்க்கவில்லை. கேட்டதற்கு, “அது எங்க சொந்த ஃபர்ம்வேர், ஃபைல் தர முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 500 ரூபாய், கீபோர்டை அனுப்பி வையுங்க” என்றார். அது அவருடைய சொந்த ஃபர்ம்வேர் இல்லை. க்யூஎம்கே என்ற திறந்த மென்பொருள், ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அதை ஏற்றிக் கீபோர்டை விற்பவர், வாங்கியவர் கேட்டால் மூல நிரலைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த உரிமத்தின் நிபந்தனை. என் அண்ணன் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வியா சேர்ந்த க்யூஎம்கே-யை இரண்டு பாதியிலும் தனித்தனியாக ஏற்றிக் கொடுத்தான். ச கிடைத்தது. ஞ இன்னும் லேயரில்தான்.

அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

சுவிட்சுகள் கனமாக இருந்தன. லேசானது கேட்டிருந்தேன், வந்தது கிளிக் சத்தம் போடும் நீலம். சரி, ஹாட்ஸ்வாப்தானே என்று லேசான சிவப்பு வாங்கி மாற்றினேன். ஐந்தாவது சுவிட்சைப் பிடுங்கும்போது அடியில் இருந்த சாக்கெட்டே கையோடு வந்துவிட்டது, பிசிபியின் செம்புப் பட்டையோடு சேர்த்து. மாற்றியவற்றில் மேலும் மூன்று விசைகள், அழுத்தினால் ஒரு முறை வரும், ஒரு முறை வராது.

ஒரு வாரம் கழித்து மேசையைத் துடைப்பதற்காக இரண்டு பாதியையும் இணைக்கும் கேபிளைக் கழற்றி மாட்டினேன். வலது பாதி செத்துவிட்டது.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வகைக் கீபோர்டுகள் பலவற்றில் இரண்டு பாதியையும் இணைப்பது, ஹெட்போன் பின் மாதிரி இருக்கும் டிஆர்ஆர்எஸ் கேபிள். அந்தப் பின்னில் நான்கு வளையங்கள். ஒன்றில் மின்சாரம், ஒன்றில் தரை, மற்றவற்றில் தகவல். உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் ஒவ்வொரு வளையமும் மற்றவற்றின் தொடுமுனைகளை உரசிக்கொண்டுதான் போகும். கணினியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போது கழற்றினால் ஷார்ட் ஆகி, கீபோர்டை இயக்கும் கன்ட்ரோலர் எரிந்துபோகலாம். முதலில் யுஎஸ்பி-யைக் கழற்ற வேண்டும், பிறகுதான் இதைத் தொட வேண்டும். கட்டிக் கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த விஷயம் இது. பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தால் போதும். அவர் வைக்கவில்லை. போனில் கேட்டபோது, “லைவ்ல கழட்டினீங்களா? அப்ப வாரண்டி கிடையாது” என்றார். சாக்கெட் பிய்ந்ததற்கும் நான்தான் காரணமாம், சுவிட்சைப் பிடுங்கத் தெரியவில்லையாம். அதன் பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை. இன்ஸ்டாகிராமில் போட்ட கருத்தும் அழிக்கப்பட்டது.

சென்னை ரிச்சி தெருவில், மொபைல் போர்டு பழுது பார்க்கும் ஒரு தம்பியிடம் எடுத்துப் போனேன். அவர் கீபோர்டைத் திருப்பி லென்ஸுக்கு அடியில் வைத்தவுடனேயே, “அக்கா, இதை யாரு சால்டர் பண்ணது?” என்று கேட்டார். எனக்கும் காட்டினார். சாக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் ஈயம் உருகிப் பட்டையோடு ஒட்டியிருக்க வேண்டும். 42-இல் 11 சாக்கெட்டுகளில் ஒரு பக்கம் ஈயம் சும்மா மேலே உட்கார்ந்திருந்தது. “சாக்கெட் நல்லா ஒட்டியிருந்தா சுவிட்சு மட்டும்தான் வரும். உங்க தப்பு இல்லக்கா” என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது. ப்ரோ மைக்ரோ என்ற அந்தக் கன்ட்ரோலரையும் நேரடியாகப் பிசிபியில் சால்டர் செய்திருந்தார்கள். சாக்கெட் வைத்துச் சொருகியிருந்தால் எரிந்ததைப் பிடுங்கிவிட்டுப் புதிதை வைக்கலாம். இதில் ஒவ்வொரு காலாகச் சூடாக்கி எடுக்க அரை நாள் ஆனது. பழுது பார்க்கும் முன் எல்லாவற்றையும் படம் எடுத்து, என்னென்ன குறை என்று பில்லில் எழுதித் தரச் சொன்னேன். செய்துகொடுத்தார். செலவு 2,300 ரூபாய்.

அந்தப் பில்தான் இன்று என் கையில் இருக்கும் முக்கியமான ஆதாரம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், விற்பவர் பதில் தரவில்லை. பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியதும்தான் அசைந்தார். மற்ற இடங்களில் நான் எழுதிய கருத்தெல்லாம் எடுத்துவிட்டால் 4,000 தருவதாகச் செய்தி வந்தது. மறுத்தேன். பிறகு வக்கீல் கடிதம்: இந்தம்மா கீபோர்டைத் தொழிலுக்குப் பயன்படுத்துகிறார், எனவே நுகர்வோரே இல்லை என்று. அதைப் படித்து ஒருநாள் பயந்துதான் இருந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்த்தால், சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று விளக்கமே இருக்கிறது. நம்மைப் போலத் தனியாக வேலை செய்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் ஆள் மறைந்துவிட்டால் அது வேறு, அதற்கு உடனே 1930, சைபர் குற்ற உதவி எண்.

இரண்டாவது கீபோர்டை வாங்கும்போது நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் லில்லி 58-இன் வரைபடத்தை அசல் அளவில் காகிதத்தில் அச்செடுத்து மேசையில் ஒட்டி, இரண்டு நாள் அதன்மேல் விரல் வைத்துப் பார்த்தேன். ஐந்து ரூபாய்ச் செலவு. என் சுண்டுவிரல் எங்கே எட்டுகிறது, கட்டைவிரல் எங்கே விழுகிறது என்பது எந்தப் படத்தையும்விட அதில் நன்றாகத் தெரிந்தது. பிறகு அதன்மேல் பென்சிலால் தமிழ்99 எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதினேன். வழக்கமான அமைப்பில் அடைப்புக்குறிகள் இரண்டும் உள்பக்கம், கட்டைவிரல் விசைகளுக்கு மேலே இருக்கின்றன. ச-வும் ஞ-வும் லேயர் இல்லாமலேயே வந்துவிட்டன. இதை முதல் தடவையே செய்திருந்தால், பெட்டியைத் திறந்த அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கட்டித் தருபவர் கோவைக்காரர். பாதிப் பணம்தான் முன்பணமாகக் கொடுத்தேன். மீதியை அனுப்பும் முன், என் கீபோர்டின் அடிப்பக்கப் படத்தையும், எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தித் திரையில் காட்டும் வீடியோவையும் கேட்டேன். கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை, சந்தோஷமாகவே அனுப்பினார். கன்ட்ரோலர் சாக்கெட்டில் இருக்கிறதா, யுஎஸ்பி-சி-யா, வியா இருக்கிறதா, ஃபர்ம்வேர் ஃபைல் தருவீர்களா என்று கேட்டவை எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வந்தது. போனில் பேசியதை வாட்ஸ்அப்பில் திரும்ப எழுதி “சரிதானே?” என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் விற்பவரோடு நான் செய்யாமல் விட்டது இதைத்தான். 58 விசைதான் கேட்டேன் என்பதற்கு என்னிடம் இன்று எழுத்தில் ஒன்றுமே இல்லை.

பழக எனக்கு ஆறு வாரம் ஆனது. விசைகள் சாய்வாக இல்லாமல் நேர்ப் பத்திகளாக இருப்பதால் கீழ் வரிசைதான் அதிகம் தடுமாறும். அந்த ஆறு வாரத்துக்குக் குறைவான வேலையை ஒப்புக்கொள்ளுங்கள். வலி குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. பயிற்சிகளும் சேர்ந்துதான் குறைத்தன என்று பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாவட்ட ஆணையத்தில் நான் போட்ட வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பெட்டியைத் திறந்தபோது வீடியோ எடுத்தீர்களா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டிருக்கிறார். எடுக்கவில்லை. பார்சல்மேல் ஒட்டியிருந்த எடைச் சீட்டும், அன்று இரவே அண்ணன் மகனுக்கு அனுப்பிய போட்டோவும் இருக்கின்றன. தேதியும் நேரமும் தெரியும்படி அந்தப் போட்டோவை அச்செடுத்து, ரிச்சி தெருப் பில்லோடு சேர்த்து அடுத்த வாய்தாவில் கொடுக்கப் போகிறேன்.