வீட்டில் செய்த பெடல்போர்டும் அதன் பவர் சப்ளையும்: நீண்ட நாள் அனுபவம்

கிட்டாரின் ஒலியை மாற்றும் எஃபெக்ட் பெடல்களை வரிசையாகப் பொருத்தி வைக்கும் பலகைதான் பெடல்போர்டு. இது 2020 ஊரடங்கில் நான் செய்தது. இன்றைக்கும் அதே பலகை, அதே பவர் சப்ளைதான். சர்ச், கல்யாண ரிசப்ஷன், கல்லூரி விழா என்று சென்னையில் எல்லா வகை மேடையையும் பார்த்துவிட்டது. நாமே செய்யலாமா, கடையில் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பலகையை எதில் வேண்டுமானாலும் செய்யுங்கள், பவரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அடுத்த பெடலுக்கு என்று எடுத்து வைத்திருக்கும் பணத்தை முதலில் அதில் போடுங்கள்.

பலகையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 12 மி.மீ. பிளைவுட், 60க்கு 32 செ.மீ., ஓரமெல்லாம் அலுமினியம் ஆங்கிள். பாஸ் (Boss) கம்பெனி பெடல் ஒன்று 73 மி.மீ. அகலம், 129 மி.மீ. நீளம், அதை வைத்துத்தான் இரண்டு வரிசைக்கு அளவெடுத்தேன். பின்பக்கத்தை 8 செ.மீ. உயர்த்திச் சாய்வாக வைத்ததால் பின்வரிசை ஸ்விட்சை மிதிக்கும்போது முன்வரிசையில் கால் படாது, பவர் சப்ளையும் அடியில் உட்கார்ந்துகொள்கிறது. பைக்கில் வைத்துக் கட்டி எடுத்துப் போனதில் பிளைவுட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, பவருக்கு வருகிறேன். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். பாஸ் கம்பெனியின் டிஎஸ்-1 மாதிரி, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனுக்கு 4 மில்லி ஆம்பியர் போதும், சுருதி பார்க்கும் டியூ-3 டியூனருக்கு 30, எதிரொலி தரும் டிடி-7 டிலேக்கு 55. கூட்டிப் பார்த்தால் ஒரு சின்ன அடாப்டரே போதும்போலத் தெரியும். அதனால்தான் எல்லோரும் ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலி மாதிரி ஒயர் இழுத்து எல்லாப் பெடலுக்கும் கொடுக்கிறார்கள். அனலாக் பெடல் மட்டும் இருக்கிறவரை அது நன்றாகவே வேலை செய்யும். ஒரு டிஜிட்டல் டிலே உள்ளே வந்ததும் கதை மாறிவிடும். அதன் பிராசஸர் கரண்ட்டைத் துடிப்புத் துடிப்பாக இழுக்கும். அந்தத் துடிப்பு பொதுவான கிரவுண்ட் ஒயர் வழியாக மற்ற பெடல்களுக்குப் போகும். டிஸ்டார்ஷனைப் போட்டால் அது பல மடங்கு பெருகி, ஸ்பீக்கரில் 'வீ' என்று மெல்லிய விசில் கேட்கும். கரண்ட் போதாததால் வருவதில்லை இது. எத்தனை பெரிய அடாப்டர் மாட்டினாலும் போகாது. ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி சப்ளை கொடுத்தால்தான் போகும்.

அதற்கு ரிச்சி தெருவில் விசாரித்து, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருபவரிடம் ஆறு தனி செகண்டரி வைண்டிங் (வெளியே வோல்ட் தரும் கம்பிச் சுற்று) வைத்து ஒன்று செய்யச் சொன்னேன். ஒவ்வொரு வைண்டிங்குக்கும் ஏசியை டிசி ஆக்கும் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபயர், ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 9 வோல்ட்டை நிலையாகத் தரும் ஒரு 7809 ரெகுலேட்டர். வெளியே ஆறு 9 வோல்ட், ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாமல்.

வைண்டிங்கை 12 வோல்ட்டாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 9 வோல்ட் ஏசி என்றால் ரெக்டிஃபயர் தாண்டி 11 வோல்ட் சுமாராக வரும். 7809 ஒழுங்காக வேலை செய்யவும் கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடி 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால், உள்ளே 10 வோல்ட் கூடத் தேறாது. ரெகுலேட்டர் கையை விரித்துவிடும், 100 ஹெர்ட்ஸ் ஹம் (தொடர்ந்து கேட்கும் ரீங்கார இரைச்சல்) நேராகப் பெடலுக்குள் போகும். 12 வோல்ட் வைண்டிங்கில் அதே 200க்கும் 13 வோல்ட் மிஞ்சுகிறது. கொஞ்சம் கூடுதல் சூடு வரும், அவ்வளவுதான். சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் லோடு குறைவாக இருந்தால் சொன்ன அளவைவிட அதிக வோல்ட் தரும் என்பதால் கெபாசிட்டரை 35 வோல்ட்டாகப் போடுங்கள், 25 வேண்டாம்.

அடுத்தது அதிகம் பேர் கவனிக்காதது. 7809இன் முதுகிலுள்ள உலோகத் தகடு அதன் கிரவுண்டுடன் சேர்ந்தே இருக்கும். சூடு தணிய ஆறையும் ஒரே அலுமினியப் பெட்டியில் நேராகத் திருகினால், தனித்தனியாகச் சுற்றிய ஆறு வைண்டிங்கும் பெட்டி வழியாக ஒன்றாகிவிடும், செலவழித்ததெல்லாம் வீண். ஒவ்வொன்றுக்கும் அடியில் மைக்கா வாஷர், திருகுக்குப் பிளாஸ்டிக் புஷ், வெளியே டிசி ஜாக்குகளும் பிளாஸ்டிக் உடம்பு உள்ளவை. மூடுவதற்கு முன் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஏதாவது இரண்டு நெகட்டிவ்களுக்கு இடையே தொட்டுப் பாருங்கள். பீப் வரவே கூடாது.

இது 230 வோல்ட் வேலை. மெயின்ஸ் வயரிங்கில் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். பிரைமரியில் (230 வோல்ட் வரும் பக்கம்) ஃபியூஸ், மூன்று பின் ஒயர், பெட்டிக்குக் கண்டிப்பாக எர்த். ஹம் போவதற்காக எர்த் பின்னை உடைத்துவிட்டு வாசிப்பவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1972இல் பிரிட்டனின் ஸ்வான்சியில் ஸ்டோன் தி குரோஸ் என்ற இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். ஹம்முக்கு, கிட்டார் சிக்னலை மிக்சருக்கு அனுப்பும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கிறது. அது சிக்னல் கிரவுண்டை மட்டும்தான் விலக்கும், பாதுகாப்பில் கை வைக்காது. ஒரு ரிசப்ஷனில் சவுண்ட்காரர், "தம்பி, உங்க லைன் ஓப்பன்ல இருக்கா? சத்தமே இல்லையே" என்று கேட்டுவிட்டு மிக்சரை ஒருமுறை சரிபார்த்தார். வீட்டில் செய்த பெட்டிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம்.

காலால் அசைத்து 'வா வா' என்று ஒலிக்க வைக்கும் வா பெடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அதற்குள் இருக்கும் இண்டக்டர் என்ற கம்பிச் சுருள், பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் காந்தப்புலத்தை அப்படியே பிடித்து ஹம்மாகக் கொடுக்கும். பெட்டியைத் திருகுவதற்கு முன், வாவை ஆன் செய்து பலகையில் இங்குமங்கும் நகர்த்திக் கேளுங்கள். என் போர்டில் வா வலது ஓரம், டிரான்ஸ்ஃபார்மர் இடது ஓரம்.

இத்தனை வருடத்தில் தேய்ந்தது என்ன? பவர் சப்ளையில் எதையும் மாற்றவில்லை. பழுதானவை எல்லாம் பெடல்களை ஒன்றோடொன்று இணைக்கும் பேட்ச் கேபிள்கள். பின்னோடு சேர்த்து வார்த்த மலிவான கேபிள்கள் ஒவ்வொன்றாக உள்ளுக்குள் அறுந்தன. பிரித்துச் சால்டர் செய்ய வழியில்லை. இப்போது கேபிளும் ஜாக்கும் தனியாக வாங்கி நானே பற்றவைக்கிறேன். வெல்க்ரோ நல்லதுதான், ஆனால் அதன் ஒட்டுப்பசை சென்னை மே மாதத்தைத் தாங்காது. பசை இளகி, மிதிக்க மிதிக்கப் பெடல் மெல்ல நகரும். பலகைப் பக்கம் ஓரங்களில் ஸ்டேப்ளர் பின் அடித்த பிறகு நகரவில்லை. கடற்காற்றில் ஜாக்குகள் கறுத்துக் கரகரக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் சரியாகிவிடும். மிதிக்கும்போது ஒரு பெடல் மட்டும் அணைந்து எரிந்தால் டிசி பின்னைப் பாருங்கள். 2.1 மி.மீ. வேண்டிய இடத்தில் 2.5 பின் இருந்தால் நுழையும், ஆனால் பிடிக்காது. கடையில் இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும்.

பழைய பாணி ஜெர்மேனியம் ஃபஸ் (டிஸ்டார்ஷன் மாதிரி ஒரு பெடல்) வைத்திருந்தால், அவற்றில் பல பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது நெகட்டிவுக்குப் பதில் பாசிட்டிவ்தான் கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். சங்கிலி ஒயரில் மற்றவற்றோடு சேர்த்தால் ஷார்ட் ஆகும். தனி வைண்டிங்கில் துருவத்தை மாற்றிய ஒயர் போட்டு நிம்மதியாக ஓட்டலாம்.

பவர் பேங்க் போதாதா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். தெருமுனை வாசிப்புக்கு வசதிதான். ஆனால் 5 வோல்ட்டை 9 ஆக்கும் பூஸ்ட் சர்க்யூட் தன் பங்குக்கு இரைச்சல் தரும். டிஎஸ்-1 மாதிரி குறைந்த கரண்ட் பெடலை மட்டும் மாட்டினால், எதுவும் சார்ஜ் ஆகவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் பாட்டு நடுவில் தானாக அணைந்துவிடும். வாங்குவதற்கு முன் உங்கள் பெடலையே மாட்டி, அரை மணி நேரம் சும்மா விட்டுப் பாருங்கள்.

மறுபடி செய்தால் இரண்டு வைண்டிங் கூடுதலாகக் கேட்பேன். அதில் ஒன்று 500 மில்லி ஆம்பியர். அறை எதிரொலி தரும் புது டிஜிட்டல் ரிவர்ப் பெடல்கள் சில 300 வரை கேட்கின்றன, என் பெட்டியில் அந்த அளவுக்கு ஒரு அவுட்புட்டும் இல்லை.