செயின்ட் லூசியாவில் குசினியோடு வில்லா எடுக்கப்போகிறவர்களுக்கு

ஜூலை விடுமுறைக்குப் பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து கரீபியன் தீவான செயின்ட் லூசியாவுக்குப் போய் வந்தோம். தீவைப் பற்றி ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் நாங்கள் தங்கிய வில்லா ரிசோர்ட்டைப் பற்றித்தான். அவர்களோடு காசுத் தகராறு இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை. ஆனால் இதே வேலையை வேறு இடங்களும் செய்யக்கூடும் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

ஹொட்டேல் வேண்டாம், வில்லாதான் என்று முடிவெடுத்ததற்கு ஒரே காரணம் அம்மா. அவர் சைவம். ரிசோர்ட் பஃபேயில் வாரம் முழுக்கப் பாணும் சாலட்டும் கொடுத்து அவரை வைத்திருக்க முடியாது. அதனால் குசினியைப் பற்றி மட்டும் துருவித் துருவி மின்னஞ்சலில் கேட்டேன். அடுப்பு எத்தனை, பெரிய பானை உண்டா, சாமான் எங்கே வாங்கலாம், அங்கே விலை எந்தக் காசில் என்று. "முழு வசதி கொண்ட சமையலறை, உள்ளூர் விலைதான்" என்று பதில் வந்தது. அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருந்தது பிறகு உதவியது.

இனி டொலர் கதை. செயின்ட் லூசியாவின் நாணயம் கிழக்குக் கரீபியன் டொலர். ஒரு அமெரிக்க டொலருக்கு 2.70 என்று 1976இல் கட்டிவைத்த விலை, இன்றுவரை அசையவில்லை. கடைகளில் இரண்டு காசையும் வாங்குவார்கள். நம் பையில் இருப்பதோ கனேடிய டொலர். மூன்று டொலர், மூன்றுக்கும் எழுதும் குறி ஒன்று. நல்ல கடைக்காரர்கள் விலைக்கு முன்னால் எந்த டொலர் என்று எழுதிவிடுவார்கள். எங்கள் ரிசோர்ட்டின் விலைத்தாள்களில் அந்தக் குறி மட்டும்தான் இருந்தது.

வந்து இறங்கும்போதே குளிர்ப்பெட்டியில் சாமான் நிரப்பி வைக்கிறோம், 240 டொலர் என்றார்கள். "உள்ளூர் விலை" என்று எழுதித் தந்தவர்கள் ஆயிற்றே, கிழக்குக் கரீபியன் டொலராகத்தான் இருக்கும். அமெரிக்கக் காசில் 89 வரும். ஆறு பேருக்கு அரிசி, பருப்பு, பால், முட்டை, மரக்கறி என்றால் நியாயமான விலைதான். போய்ப் பார்த்தால் பையில் இருந்தது இரண்டு நாளைக்கும் காணாது. கடனட்டையில் விழுந்ததோ 240 அமெரிக்க டொலர். அதற்கு மேல் நம் வங்கி வெளிநாட்டு நாணயத்துக்கு எடுக்கும் இரண்டரை வீதம் வேறு. முகாமையாளரிடம் கேட்டேன். "விருந்தினர்களுக்கு எப்போதும் அமெரிக்க டொலர்தான் சார்" என்றார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புத்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மின்சாரமும் அதே கதை. ஏசி உள்ள வில்லா என்றுதான் விளம்பரம். ஆனால் ஏசிக்குத் தனி மீட்டர். கரீபியனில் இது பல இடங்களில் உள்ள வழக்கம், அதில் ஒளிவுமறைவு இல்லாவிட்டால் சரி. தீவில் மின்சாரம் பெரும்பாலும் டீசலில்தான் தயாராகிறது, மலிவாக இருக்க நியாயமில்லை. யூனிட் 1.20 என்று எழுதிய தாளில் வந்த அன்று கையெழுத்து வாங்கினார்கள். அதுவும் கடைசியில் அமெரிக்க டொலராகிவிட்டது. அதாவது உள்ளூர்க் காசில் யூனிட்டுக்கு 3.24.

குசினியின் "முழு வசதி" எப்படி என்றால், நாலு அடுப்பில் ஒன்றுதான் பற்றியது. இருந்த பெரிய பாத்திரம் நூடுல்ஸ் அவிக்கத்தான் காணும். கத்தியால் தக்காளியைக்கூட வெட்ட முடியவில்லை. அம்மா முகம் சுளிக்காமல் அந்த ஒற்றை அடுப்பில் சோற்றை இரண்டு தரம் வைத்தார். மறுநாள் காஸ் முடிந்தது. புதுச் சிலிண்டர் விருந்தினர் பொறுப்பாம், 75 டொலராம். இந்தத் தடவை எந்த டொலர் என்று கேட்டுவிட்டேன், அமெரிக்க டொலர்! சமையல் காஸ் அந்தத் தீவில் அரசு விலை கட்டி மானியம் கொடுக்கும் சாமான். வீதியோரக் கடையில் அதே இருபது இறாத்தல் சிலிண்டரை அதில் கால்வாசிக்கும் குறைந்த விலைக்கு வாங்கி, வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வாசல் காவலாளி தானே வந்து பூட்டிக் கொடுத்தார். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் தங்கமான மனிதர்கள், அதையும் சொல்லவேண்டும்.

கடற்கரைக்கு வருகிறேன். விளம்பரப் படத்தில் அலையில்லாத நீலக் கடல். வில்லா இருந்தது டெனரிப் பக்கம், கிழக்குக் கரை, அத்திலாந்திக் சமுத்திரம். அங்கே பொதுவாக அலை பலம், சின்னப் பிள்ளைகளை இறக்கிவிட முடியாது. போதாக்குறைக்குச் சார்கஸம் என்ற பழுப்புக் கடற்பாசி. 2011இலிருந்து பல வருடங்களில் கரீபியன் கரைகளில் குவியல் குவியலாக ஒதுங்குகிறது, வெயில் காலத்தில் கூடுதலாக. அழுகினால் ஹைட்ரஜன் சல்பைட் வாயு கிளம்பி, கூழ்முட்டை நாற்றம் வரும். யன்னலைத் திறக்க முடியாது. யன்னலைப் பூட்டினால் ஏசி, ஏசி போட்டால் மீட்டர். பாசி இயற்கை, அதற்கு ரிசோர்ட்டைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் போட்டிருந்த படம் மேற்குக் கரையில், ரொட்னி பேயில் உள்ள ரெடுவிக் கடற்கரை. அது தெரியவந்ததே, அங்கே கூட்டிப்போக ஆளுக்கு இவ்வளவு என்று "கடற்கரை அனுமதிச் சீட்டு" விற்க வந்தபோதுதான். ரெடுவி பொதுக் கடற்கரை. இறங்கிக் குளிக்க எவருக்கும் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. சாய்மணைக் கதிரையும் குடையும் வேண்டுமானால் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். மலை ஏறி இறங்கும் பாதையில், தலைநகர் காஸ்ட்ரீஸின் நெரிசலையும் தாண்டி நாங்களே ஓட்டிப்போனோம். அங்கே இடது பக்கம் ஓட்டவேண்டும், வெளிநாட்டாருக்குத் தற்காலிக அனுமதிப் பத்திரமும் வேண்டும். கார் வாடகைக்குத் தருகிறவர்களே எடுத்துத் தருவார்கள்.

அம்மாவைக் காப்பாற்றியது காஸ்ட்ரீஸ் சந்தைதான். சனிக்கிழமை போனால் ஈரப்பலாக்காய், பச்சை வாழைக்காய், சௌசௌ, தேங்காய் எல்லாம் குவிந்திருக்கும். வாழைக்காயை அங்கே "கிரீன் ஃபிக்" என்கிறார்கள், கருவாட்டு மீனோடு அவித்துச் சாப்பிடுவது அவர்களுடைய தேசிய உணவு. ஈரப்பலாக்காயைக் கண்டதும் அம்மா விலைகூடக் கேட்கவில்லை.

திரும்பி வந்ததும் ஸ்காபரோவில் பதிவு செய்து தந்த முகவரிடம் போனேன். அவர் ரிசோர்ட்டைக் கைகாட்டினார். ஒன்ராறியோவில் பயண முகவர்களைக் கண்காணிக்கும் டிக்கோவில் முறையிடலாமே என்று சிலர் சொன்னார்கள். அவர்களுடைய இழப்பீட்டு நிதி, பதிவுபெற்ற முகவரோ விமான நிறுவனமோ முறிந்துபோனால் கொடுபடுவது. அடுப்பு பற்றாததற்கெல்லாம் அதில் இடமில்லை. ஆகவே கடனட்டை வங்கியில் எழுத்தில் முறையிட்டேன். "உள்ளூர் விலைதான்" என்ற அந்த மின்னஞ்சலை வைத்துச் சாமான் காசில் வித்தியாசத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். முழுத் தொகையையும் கடனட்டையில் இல்லாமல் வங்கியிலிருந்து நேரே அனுப்பினால் ஐந்து வீதம் கழிவு என்று ரிசோர்ட் முதலில் ஆசை காட்டியது. அப்படி அனுப்பியிருந்தால் இந்த வழியும் இருந்திராது.

மின்சாரக் காசுக்குத்தான் இழுபறி. கையெழுத்துப் போட்ட தாளை ரிசோர்ட் வங்கிக்கு அனுப்பியிருக்கிறது. அந்தத் தாளில் எந்த டொலர் என்று எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று நான் திருப்பிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.