நீ போட்டால் நானும் போடுவேன்: பேசா ஒப்பந்தமா, தடைப் பட்டியலா, வெட்டித் திருத்துவதா?

ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் பகடை விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதன் ஐந்தாம் பதிப்பு ஆடும் பல டேபிள்களில், ஆட்டத்தை நடத்தும் டிஎம்முக்கும் (டன்ஜன் மாஸ்டர்) ஆட்டக்காரர்களுக்கும் நடுவே, எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்: "நீ அந்த ஸ்பெல்லைத் (மந்திரத்தை) தொடாத வரை என் வில்லனும் தொடமாட்டான்." யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். இதற்குப் போட்டியாக இரண்டு வழிகள் உண்டு: ஆட்டத்துக்கு முன் கூடிப் பேசும் செஷன் ஜீரோவிலேயே தடைப் பட்டியல் போடுவது, அல்லது ஸ்பெல்லை வைத்துக்கொண்டே அதன் பல்லைப் பிடுங்குவது. மூன்றில் ஒன்றை எடுத்து எல்லா ஸ்பெல்லுக்கும் பூசுவதில்தான் பெரும்பாலான டிஎம்கள் சறுக்குகிறார்கள்.

பேசா ஒப்பந்தம் நன்றாக வேலை செய்யும் இடம் சில்வரி பார்ப்ஸ். 2021 டிசம்பரில் ஸ்ட்ரிக்ஸ்ஹேவன் நூலோடு வந்த முதல் நிலை ஸ்பெல் இது. 60 அடிக்குள் எதிரி சேவில் (ஸ்பெல்லிலிருந்து தப்ப உருட்டும் பகடை) ஜெயித்தால், உடனடிப் பதில் செயலான ரியாக்‌ஷனாக அவனை மறுபடி உருட்ட வைக்கலாம். குறைந்த எண்தான் செல்லும். சேவில் ஜெயிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள எதிரி இப்போது 75 சதவீதம் தோற்பான். மேலே விழுந்தது எட்டாம் நிலை ஸ்பெல்லாக இருந்தாலும் கூடுதல் செலவு ஒரு முதல் நிலை ஸ்லாட்தான் (ஸ்பெல் போட எண்ணிக் கிடைக்கும் வாய்ப்பு). டிஎம்மின் நான்கு சூனியக்காரர்களும் இதையே திருப்பிப் போட ஆரம்பித்தால் வலி இரண்டு பக்கமும் ஒன்றுதான்: நல்ல உருட்டல் வீணாகும், சண்டை இழுக்கும். அதனால் மிரட்டல் எடுபடும்.

எதிரியைக் கூண்டில் அடைக்கும் ஃபோர்ஸ்கேஜில் அதே கணக்கு உதைக்கும். 2014 விதிப்படி ஏழாம் நிலை, 100 அடி தூரம், ஒரு மணி நேரம், கான்சன்ட்ரேஷன் (போட்டவர் கவனம் சிதறாமல் பிடித்திருக்க வேண்டிய நிபந்தனை) கிடையாது. உள்ளே மாட்டுவதைத் தவிர்க்க சேவும் கிடையாது. டெலிபோர்ட் செய்து வெளியேற முயன்றால் மட்டும் கரிஸ்மா சேவ். டிஎம்மின் ஓகர் கூண்டில் கிடந்தால் டிஎம்முக்கு இன்னும் ஐந்து அரக்கர்கள் கையில் இருப்பார்கள். அதே கூண்டில் உங்கள் ஃபைட்டர் மாட்டினால், அந்த ஆட்டக்காரர் சண்டை முடியும்வரை சிப்ஸ் தின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். பவர் வேர்ட் கில்லும் இப்படித்தான்: 100 அல்லது அதற்குக் குறைவான ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) இருந்தால் நேரே சாவு. அரக்கன் செத்தால் டிஎம் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். ஆட்டக்காரருக்குப் போவது ஒரு வருஷ கேரக்டர். இழப்பு சமமில்லாத இடத்தில் பேசா ஒப்பந்தம் வெறும் நல்லெண்ணம், அவ்வளவுதான். கூண்டுக்கு வெட்டே மேல்: கான்சன்ட்ரேஷன் சேர்த்துவிடுங்கள். ஐந்தாம் பதிப்பைத் திருத்தி வந்த 2024 பதிப்பும் அதைத்தான் செய்தது.

மிருகங்களை வரவழைக்கும் கான்ஜூர் அனிமல்ஸில் சிக்கல் பலம்கூட இல்லை, நேரம். 2014 விதிப்படி மூன்றாம் நிலை ஸ்லாட்டில் 8 ஓநாய்கள். பேக் டாக்டிக்ஸ் (கூட்டமாகத் தாக்கும் திறன்) இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது), அதாவது ஒரே டர்னில் 16 முறை இருபது முகப் பகடை. பட்ட ஒவ்வொரு கடிக்கும் டிசி 11 (எட்ட வேண்டிய எண் 11) ஸ்ட்ரெங்த் சேவ் வேறு. இதைத் தடை செய்தால் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஆடுபவர் நியாயமாகவே முறைப்பார். ஓநாய்க் கடிக்குச் சராசரி டேமேஜ் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு டர்னில் ஒரே இலக்கு என்று கட்டுப்படுத்துங்கள். இல்லையேல் டாஷா நூலில் (2020) உள்ள சம்மன் பீஸ்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒரே மிருகம், வேலை முடிந்தது.

தடைப் பட்டியலுக்கு உண்மையில் தகுதியானது சிமுலாக்ரம்–விஷ் சங்கிலி. சிமுலாக்ரம் ஒருவரை நகலெடுக்கும் ஸ்பெல்; விஷ் வேறொரு ஸ்பெல்லாகவே வேலை செய்யக்கூடிய ஒன்பதாம் நிலை ஸ்பெல். 17ஆம் லெவல் விஸார்ட் 12 மணி நேரமும் 1,500 தங்கக் காசு மதிப்புள்ள மாணிக்கத் தூளும் செலவழித்துத் தன்னையே பனியில் நகலெடுக்கிறார். அவருடைய ஒன்பதாம் நிலை ஸ்லாட் இன்னும் செலவாகவில்லை. நகலிடமும் அது இருக்கிறது. நகல் விஷ் போட்டு, அதன் வழியே சிமுலாக்ரத்தை மூல விஸார்ட் மேல் போடுகிறது. 12 மணி நேரம் ஒரு ஆக்‌ஷனாகச் சுருங்குகிறது, மாணிக்கமும் வேண்டாம். புது நகலிடமும் விஷ் இருக்கிறது. மறுபடி போட்டால் பழைய நகல் அழியும் என்ற விதியும் பிடிக்காது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் போடுபவர் வேறு ஆள். ஒரு நிமிடத்துக்கு 10 ரவுண்டு, 10 விஸார்ட்கள். இதற்கு "என் வில்லனும் செய்வான்" என்று மிரட்டுவது அர்த்தமில்லாதது. வில்லன் செய்தால் அன்றோடு கேம்பெய்ன் முடிந்தது. "நகல் சிமுலாக்ரம் போட முடியாது" என்ற ஒரே வரி போதும். 2024 பதிப்பிலும் அந்தத் தடை இருக்கிறது.

இவ்வளவு பஞ்சாயத்து வேண்டாம் என்பவர்கள் இதே வகையைச் சேர்ந்த இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பைப் (2019) பார்க்கலாம். டெலிபோர்ட் போன்றவற்றுக்கு "அன்காமன்" முத்திரை இருக்கிறது, டிஎம் அனுமதித்தால்தான் கைக்கு வரும். ஒரே அடியில் எதிரியை முடக்கும் ஸ்பெல்களுக்கு இன்கபாசிடேஷன் முத்திரை. ஸ்பெல்லின் ரேங்க்கைப்போல் இரு மடங்குக்கு மேல் லெவல் உள்ளவருக்கு சேவ் முடிவு அவருக்குச் சாதகமாக ஒரு படி உயரும்.

ஐந்தாம் பதிப்பிலேயே இருந்து பாதி கேம்பெய்னில் ஒன்றை வெட்டவோ தடுக்கவோ நேர்ந்தால், ஈடு கொடுத்துவிடுங்கள். சோர்சரரும் பார்டும் (ஸ்பெல் போடும் இரண்டு கேரக்டர் வகைகள்) லெவல் ஏறும்போது ஒரு ஸ்பெல்லைத்தான் மாற்ற முடியும். அந்த மாற்றத்தை இலவசமாக, உடனே கொடுங்கள். விஸார்ட் ஃபோர்ஸ்கேஜை ஒரு சுருளிலிருந்து தன் நூலில் நகலெடுத்திருந்தால் அவருக்குப் போனது 350 தங்கக் காசும் 14 மணி நேரமும். காசையாவது திருப்பிக் கொடுங்கள்.