பி.எல்.எஃப்.எஸ். அலகுத் தரவு: இலவசம்தான், எடையில் கவனம்

இந்தியாவில் வேலைவாய்ப்பை ஆராய்பவர்களுக்குக் காசில்லாமல் கிடைப்பதில், 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் (பி.எல்.எஃப்.எஸ்.) அலகுத் தரவை, அதாவது ஒவ்வொரு வீடு, நபர் வாரியான பதிவுகளை, மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் பதமாகச் சமைத்து வராது. 2024 வரையிலான கோப்புகள் வெறும் எண் வரிசைகள். கூடவரும் எக்செல் அமைப்புத் தாளைப் பார்த்து ஒவ்வொரு மாறியையும் வெட்டியெடுக்க வேண்டும்.

பலர் சறுக்குவது எடையில், அதாவது கணக்கெடுத்த ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்ற எண்ணில். இந்தக் கோப்புகளில் என்.எஸ்.எஸ். (ஒரு துணை மாதிரியில் கணக்கெடுத்த பகுதிகளின் எண்ணிக்கை), என்.எஸ்.சி. (துணை மாதிரிகளைச் சேர்த்த எண்ணிக்கை) இரண்டும் சமமானால் பெருக்கியை (கோப்பில் தரப்படும் எடை எண்) 100ஆல் வகுக்க வேண்டும், இல்லையேல் 200ஆல். ஆண்டு மதிப்பீட்டுக்குக் காலாண்டு எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். இதை மறந்தால் மக்கள்தொகையே ஊதிப்போகும்.

வேலை நிலையைக் காட்டும் குறியீடுகளில் 21 என்றால் சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் உதவுபவர். அவரும் 'வேலையில் உள்ளவர்'தான். பெண்களின் பங்கேற்பு உயர்ந்துவிட்டது என்று கொண்டாடும்முன் அதைத் தனியே பிரித்துப் பாருங்கள். கடந்த ஒரு வாரத்தை மட்டும் பார்க்கும் வாராந்திர நிலையிலோ, அந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம் உழைத்தாலே போதும்!

தொழிற்பயிற்சி பற்றிய கேள்விகள் உண்டு. ஆனால் பயிற்சிக்கு முந்தைய வருமானம் கேட்கப்படுவதில்லை. ஆகவே ஒரு பயிற்சித் திட்டத்தின் தாக்கத்தை இதை மட்டும் வைத்து நிறுவ முடியாது. அதே வீட்டுக்கு மீண்டும் சென்று கேட்கும் மறுவருகையும் கிராமப்புறத்துக்கு 2025 ஜனவரியில்தான் வந்தது.